இரண்டு கூட்டல் குறிகள்

மலேசிய ஹோட்டல்களின் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் நிற்கும். 100++ என்று. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதை அச்சுப்பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நமக்குப் பழகிவிட்டது. ஒரு கூட்டல் அரசாங்கத்துக்கு. சேவை வரி 2024 மார்ச்சிலிருந்து அறை வாடகைக்கு 8 விழுக்காடு, சாப்பாட்டுக்கு இன்னும் 6. இன்னொரு கூட்டல், 10 விழுக்காடு சேவைக் கட்டணம். வரி அரசாங்கத்துக்குப் போகிறது, சரி. அந்தப் பத்து விழுக்காடு யாருக்கு?

கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் 'முதலாளிக்குத்தான், வேற யாருக்கு' என்பார்கள். மீதிப் பேர் 'சப்ளை பண்றவங்களுக்கு' என்பார்கள், ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கேள்வி இந்த நாட்டு உச்சபட்ச நீதிமன்றம் வரை போய், 2021ல்தான் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்த நினைவில்லை. அந்தப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களில் நம்மவர்கள் கணிசம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் சொல். டிப்ஸ் என்பதற்கு நம்மிடம் புழங்கும் சொற்களைப் பாருங்கள். இனாம், அரபியிலிருந்து வந்தது. பக்‌ஷீஸ், பாரசீகம். அன்பளிப்பு நல்ல தமிழ்தான், ஆனால் அது திருமண அழைப்பிதழில் வரும் சொல். மேசை துடைக்கிறவரிடம் இரண்டு ரிங்கிட்டை நீட்டி 'இந்தாங்க அன்பளிப்பு' என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் மாமூல் என்ற சொல் இருக்கிறது. வழக்கமானது என்பதுதான் அதன் பொருள். இன்றைக்கு அது போலீஸ்காரருக்குப் போகும் பணம். நம் ஊரிலும் கதை அதேதான்: 'டூயிட் கோப்பி' என்று மலாய்க்காரர்கள் சொல்வதை நாமும் கோப்பிக் காசு என்கிறோம். அது பரிமாறியவருக்குக் கொடுக்கும் காசாகவும் இருக்கலாம், சாலைத் தடுப்பில் கை மாறும் காசாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்து வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கொடுப்பவர் மேலே நின்று கொடுத்தால் இனாம், கீழே நின்று கொடுத்தால் லஞ்சம். (ஆங்கிலத்தில் டிப் என்பது மூன்று சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று வாட்சாப்பில் வரும் செய்தி சுத்தக் கட்டுக்கதை. தயவுசெய்து இனிமேல் அனுப்பாதீர்கள்.)

மேலே, கீழே என்று சும்மா சொல்லவில்லை. டிப்ஸின் வரலாறு வேலைக்காரர்களின் வரலாறு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீட்டுக்கு விருந்துக்குப் போனவர் புறப்படும்போது வேலைக்காரர்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். தொப்பியை எடுத்துக் கொடுத்தவர், குதிரையைப் பிடித்தவர், பரிமாறியவர், ஒவ்வொருவருக்கும் காசு வைக்க வேண்டும். அதற்கு 'வேல்ஸ்' என்று பெயர். வீட்டு எஜமானர் சம்பளம் பேசும்போதே அந்தக் காசையும் மனத்தில் கணக்குப் போட்டுக் குறைத்துத்தான் பேசுவார். விருந்தாளிகளுக்குக் கட்டுப்படியாகாமல் 1760களில் இதை நிறுத்தச் சொல்லி இயக்கமே நடந்தது. 1764ல் லண்டனில் ரானலா என்ற கேளிக்கைத் தோட்டத்தில் வேலைக்காரர்கள் கலவரம் செய்தார்கள். இனாமுக்காகக் கலவரமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அது அவர்களுக்கு இனாம் இல்லை, சம்பளத்தின் பாதி. பழைய சம்பளத்தைக் கூட்டாமல் வேல்ஸை மட்டும் நிறுத்தினால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அமெரிக்காவில் இன்னும் மோசம். அடிமை முறை ஒழிந்த கையோடு ஜார்ஜ் புல்மன் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளுக்குக் கறுப்பினத்தவர்களைப் பணியாளர்களாக எடுத்தார். குறைந்த சம்பளம், மிச்சத்தைப் பயணிகளிடம் சிரித்து வாங்கிக்கொள் என்ற ஏற்பாடு. பயணிகள் அவர்கள் எல்லோரையுமே 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள், முதலாளியின் பெயரால். 1925ல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் போட 1937 வரை ஆனது. பன்னிரண்டு வருஷம். சிரித்து வாங்கும் காசை விட்டுவிட்டுச் சிரிக்காமல் வாங்கும் சம்பளம் வேண்டும் என்பதுதான் அந்தப் போராட்டத்தின் சாரம்.

டிப்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேசைக்கு வருகிறவருக்குக் கிடைக்கும், அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறவருக்குக் கிடைக்காது. அதனால் ஐரோப்பிய ஹோட்டல்களில் எல்லோரும் ஒரே பெட்டியில் போட்டுப் பிறகு பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது. அதற்கு 'ட்ரோன்க்' என்று பெயர், பிரெஞ்சுச் சொல். தேவாலயத்தில் ஏழைகளுக்காக வைத்திருக்கும் காணிக்கைப் பெட்டி. நம் மொழியில் உண்டியல். எனக்கு இந்த ஒப்புமை பிடித்திருக்கிறது. உண்டியல் காசு சாமிக்கு. சாவி கோயில் தலைவரிடம். சாவி வைத்திருப்பதால் காசு தலைவருடையது ஆகிவிடாது. ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்ட தலைவர்களை நாம் பார்த்திருக்கிறோம், அது வேறு கட்டுரை.

மலேசிய ஹோட்டல்களின் 10 விழுக்காடு அந்த உண்டியலின் வாரிசு. தனித்தனியாக டிப்ஸ் கொடுப்பதற்குப் பதிலாக பில்லிலேயே சேர்த்து வாங்கி, மாதக் கடைசியில் ஊழியர்களுக்குப் பங்கிடுவது. பங்கிடுவதற்கு 'பாயிண்ட்' கணக்கு. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை பாயிண்ட் என்று தொழிற்சங்கமும் ஹோட்டலும் போடும் கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். பல ஒப்பந்தங்களில் வசூலில் பத்தில் ஒரு பங்கை நிர்வாகம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊழியர்களுக்குக் கொடுக்கும்.

கணக்காகச் சொன்னால்தான் புரியும், என் தொழில் அப்படி. எண்கள் நானே வைத்துக்கொண்டவை. ஒரு மாதத்தில் சேவைக் கட்டண வசூல் 1,00,000 ரிங்கிட் என்று வைப்போம். நிர்வாகம் 10,000 எடுத்தது போக 90,000. ஹோட்டலின் மொத்தப் பாயிண்ட் 600. ஒரு பாயிண்டுக்கு 150 ரிங்கிட். மூன்று பாயிண்ட் உள்ள அறைத் துப்புரவுப் பணியாளருக்கு 450. பள்ளி விடுமுறை முடிந்து ஆள் வராத மாதத்தில் வசூல் 40,000 என்றால் அதே பணியாளருக்கு 180. வேலை அதே வேலை. மெத்தை அதே எடை.

என் அத்தை மலாக்காவில் ஒரு ஹோட்டலில் 23 வருஷம் அறை துப்புரவு செய்தவர். ஹோட்டலின் பெயர் வேண்டாம். அவர் வீட்டில் மாதக் கடைசியில் பேசப்படும் முதல் கேள்வி, 'இந்த மாசம் பாயிண்ட் எவ்வளவு?' சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அது மாறவே மாறாது. வீட்டு வாடகையும் அரிசியும் சம்பளத்தில். பள்ளிக் காலணி, டியூஷன், தீபாவளி எல்லாம் பாயிண்டில். டிசம்பர் நல்ல மாதம், ஜனவரி பரவாயில்லை, நோன்பு மாதம் மோசம், ஆனால் ஹோட்டலில் நோன்பு திறக்கும் பஃபே போட்டால் தப்பித்தோம். சுற்றுலாத் துறை அமைச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பருவக் கணக்கு முழுவதும் அத்தைக்குத் தெரியும். நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது விடுமுறையில் அதே மாதிரி ஓர் இடத்தில் விருந்து மண்டபத்தில் தட்டு தூக்கினேன். எங்களுக்கு மணிக்கணக்குக் கூலி, பாயிண்ட் கிடையாது. பில்லில் மட்டும் எங்கள் சேவைக்கும் பத்து விழுக்காடு ஏறியிருக்கும்.

அத்தை ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி மரம் வெட்டியவர், அதாவது பால் மரம். மலாக்காக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு விஷயம், மலாயாவில் வணிக ரீதியாக முதலில் ரப்பர் போட்டது இங்கேதான் என்பது. 1896ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் 3,000 ஏக்கருக்கு விரித்தார். அந்த அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள்தான் 1967ல் தகராறு முற்றி கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனவர்கள். முதல் மரத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தேன். நடந்து போனவர்களைப் பற்றிப் பாட்டிதான் சொன்னார்.

ஹோட்டல் கதையில் தோட்டத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், பாயிண்ட் முறையை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் கங்காணிக்குத் 'தலைக்காசு' என்று ஒன்று உண்டு. அவர் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு. காய்ச்சலில் படுத்தவனைக் கங்காணி ஏன் உதைத்து எழுப்பினார் என்பதற்குக் காரணம் அவருடைய குணம் மட்டும் இல்லை, கணக்கு முறையும்தான். தொழிலாளிக்கோ மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ரப்பர் விலை விழுந்தால் இருக்கிற கூலியும் விழும். 1930ல் ஆண்களுக்கு 50 காசாகவும் பெண்களுக்கு 40 காசாகவும் இருந்த நாள்கூலி 40க்கும் 32க்கும் இறங்கியது. லண்டனில் யாரோ டயர் வாங்காததற்கு ஜாசினில் ஒருத்தி எட்டுக் காசு கொடுத்தாள். 1938ல் மறுபடி கூலியில் கை வைத்தபோது, உதவி பெற்று வரும் கூலிகளின் குடியேற்றத்தையே இந்திய அரசு நிறுத்தியது. போருக்குப் பிறகு சங்கம் வந்தது, 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றுபட்டது, ஒப்பந்தங்கள் வந்தன. ஆனால் கூலியை ரப்பர் விலையோடு கட்டிவைக்கும் பழக்கம் அந்த ஒப்பந்தங்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வியாபாரத்தில் லாபம் வந்தால் முதலாளிக்கு, ஆபத்து வந்தால் அதைத் தாங்குவதும் முதலாளி. பள்ளியில் படித்த பொருளாதாரம் இப்படித்தான் சொல்கிறது. தோட்டமும் ஹோட்டலும் அதைத் திருப்பிப் போட்டன. விலை விழும் ஆபத்தையும் ஆள் வராத ஆபத்தையும் தாங்குவதற்கு யாரிடம் சேமிப்பு இல்லையோ அவரிடம் கொடுத்தன. 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது ஹோட்டல்கள் காலி. பாயிண்ட் பூஜ்யம். ஒரே ராத்திரியில் பல குடும்பங்களின் வருமானத்தில் பாதி இல்லாமல் போனது. அத்தை அப்போது சொன்னது: "தோட்டத்துல மழ பேஞ்சா ஒரு நாளு ரெண்டு நாளு. இது மூணு மாசம் பேயுதுப்பா."

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு வழக்குக்கு வருவோம்.

2011ல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் குறைந்தபட்சச் சம்பள ஆணை 2012ல் போடப்பட்டு 2013 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்தது: தீபகற்பத்தில் 900 ரிங்கிட், சபா சரவாக்கில் 800. சட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளம். ஹோட்டல்களில் அடிப்படை அப்போது ரொம்பக் குறைவு. பாயிண்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் வருஷக்கணக்காக அதைக் கூட்டாமலேயே விட்டுவைத்திருந்தார்கள். வேல்ஸ் கதைதான் மறுபடியும்.

என் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை 500, பாயிண்ட் 450, மொத்தம் 950. சட்டம் வந்ததும் அடிப்படை 900 ஆக வேண்டும். அப்படியானால் 900 கூட்டல் 450, மொத்தம் 1,350. ஹோட்டல்கள் வேறு இரண்டு வழி கண்டுபிடித்தன. ஒன்று, அடிப்படையையும் பாயிண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே சம்பளமாக்குவது. இன்னொன்று நிரப்புவது: 500க்கு மேலே வேண்டிய 400ஐப் பாயிண்டிலிருந்தே எடுத்து நிரப்பி, 'பார், 900 ஆகிவிட்டது' என்பது. மிச்சம் 50 பாயிண்டாக வரும். மொத்தம்? அதே 950. சட்டம் வந்தது, சம்பளச் சீட்டில் எழுத்து மாறியது, கையில் வந்தது ஒரு சென் கூடவில்லை. தொழிலாளியின் இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் வைத்துவிட்டுச் சமன்பாடு தீர்ந்தது என்று என் மாணவர் யாராவது எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். (மாணவர் என்றால் டியூஷன் மாணவர், பேராசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள்.)

ஹோட்டல்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊழியர்களின் கையில் ஏற்கனவே 900க்கு மேல் போகிறது, வறுமையை ஒழிக்கத்தானே சட்டம், எங்களிடம் வறுமை எங்கே என்றார்கள். சம்பள ஆலோசனை மன்றம் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பே சேவைக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. சிறிய ஹோட்டல்களுக்குத் திடீரென்று சம்பளச் செலவு ஏறுவது உண்மையிலேயே கஷ்டம்தான். முட்டாள்தனமான வாதம் இல்லை அது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது: அந்த 450ஐக் கொடுத்தது ஹோட்டல் இல்லை.

கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கும் தீபகற்ப மலேசிய ஹோட்டல், மதுக்கூட, உணவகத் தொழிலாளர் தேசியச் சங்கத்துக்கும் நடந்த வழக்கு இந்த ஓட்டையைப் பற்றியதுதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. ஹோட்டல் விடாமல் கூட்டரசு நீதிமன்றம் போனது. 2021ல் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். சேவைக் கட்டணம் வாடிக்கையாளர் ஊழியர்களுக்காகக் கொடுத்த பணம். அது ஹோட்டலின் வருமானம் இல்லை. பங்கிடும்வரை ஹோட்டல் அதை ஊழியர்கள் சார்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பினால், தொழிலாளியின் சம்பளத்தைத் தொழிலாளியின் பணத்திலேயே கொடுப்பதாகிவிடும். வழிகாட்டிக் குறிப்பு சட்டத்துக்கு மேலே ஏறி உட்கார முடியாது. ஹோட்டல் தோற்றது.

சட்ட மொழியில் இதற்கு நம்பிக்கைப் பொறுப்பு என்று பெயர். நான் உண்டியல் என்பேன். சாவி தலைவரிடம், காசு சாமிக்கு.

இந்தத் தீர்ப்பின் எடை தெரிய வேண்டுமானால் வெளியே கொஞ்சம் பார்க்க வேண்டும். லண்டனில் ஓர் உணவகத்தின் பரிமாறுநர்கள் இதே கேள்வியை ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். வாடிக்கையாளர் கடன் அட்டையிலும் காசோலையிலும் கொடுத்த டிப்ஸை முதலாளி அவர்களுடைய குறைந்தபட்சச் சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டினார். 2002ல் தீர்ப்பு வந்தது. பரிமாறுநர்கள் தோற்றார்கள். பணம் முதலில் முதலாளியின் கணக்கில் விழுகிறது, ஆகவே அது அவருடையது, அவர் அதைச் சம்பளமாகக் கொடுக்கலாம். நம் நீதிமன்றம் சொன்னதற்கு நேர் எதிர். பிரிட்டன் இதைச் சட்டம் போட்டுத்தான் திருத்தியது. 2009 அக்டோபரிலிருந்து டிப்ஸைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் சேர்க்க முடியாது. 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸ் முழுவதையும் ஊழியருக்கே கொடுக்க வேண்டும். அமெரிக்கா இன்னும் திருந்தவில்லை. 1966லேயே டிப்ஸைச் சம்பளக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுத்துவிட்டது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டரசுச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அதே எண். நம் ஹோட்டல்கள் செய்ய நினைத்து நீதிமன்றத்தில் தோற்றது, அங்கே சட்டம்.

இந்தியாவில் விவாதம் வேறு பக்கம் போய்விட்டது. அங்கே கேள்வி, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தலாமா என்பது. 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நுகர்வோருக்கு வெற்றி, சரி. வந்த செய்திகளில் பரிமாறுகிறவரின் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது கப்பல். நாங்கள் கிளேபாங்கில் இருக்கிறோம். கடலைத் தூர்த்துத் தூர்த்து கரை எங்கேயோ போய்விட்டது, தேங்காய் ஷேக் வரிசைதான் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. நீரிணையில் கப்பல் போவதைப் பார்த்தே வளர்ந்தோம். மலாக்காவுக்கு உல்லாசக் கப்பல் துறைமுகம் வரும் என்று 2014ல் மலாக்கா கேட்வே திட்டத்தோடு சொன்னார்கள். 2020 இறுதியில் மாநில அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஆகவே கப்பல் ஏற வேண்டுமென்றால் கிள்ளானுக்குத்தான் போக வேண்டும். போன வருஷம் உறவினர்கள் பன்னிரண்டு பேர் மூன்று இரவுப் பயணம் போனோம்.

பணம் கட்டும்போதே ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கிராஜுவிட்டி தனியாக ஏறியது. பெரிய சர்வதேச நிறுவனங்களில் இது ஆளுக்கு நாளொன்றுக்கு 16, 18 டாலர், அதற்கு மேலும்கூட. சில நிறுவனங்களில் கடைசி நாள் முகப்பில் போய் நின்று அதைக் குறைக்கச் சொல்லலாம், நீக்கவும் சொல்லலாம் என்று ஒரு மாமா படித்துவிட்டு வந்திருந்தார். "பன்னெண்டு பேருக்கு எவ்வளவு வருது தெரியுமா? எடுத்துருவோம். வேணும்னா அந்தப் பையன் கையில அம்பது வெள்ளி குடுப்போம், நேரா அவனுக்குப் போவும்." மாமாவின் யோசனை கெட்ட யோசனை இல்லை, நல்ல மனத்தில் வந்ததுதான். அத்தைதான் மறித்தார். "அவன் கையில குடுத்தா அவனுக்கு. துணி தொவைக்கிறவன் அடியில இருக்கான், அவன நீ பாத்தியா?"

எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. இறங்கும் நாளில் டிப்ஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணே, கருத்துப் படிவத்துல என் பேரு போட்டு நல்லா எழுதிட்டுப் போங்க, அது போதும்" என்றார். கங்காணிக்குத் தலைக்கணக்கு, ஹோட்டலில் பாயிண்ட் கணக்கு, இங்கே நட்சத்திரக் கணக்கு.

இதே நீரிணையில்தான் ராஜுலா ஓடியது. 1926ல் கட்டிய கப்பல், 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று நம் ஆட்களைத் தளத்தில் படுக்கவைத்துக் கொண்டுவந்தது, கொண்டுபோனது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழேயோதான். 1939 இறுதியில் உலகத்தின் பல துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா கொடியில் ஓடுகின்றன. கப்பலில் செல்லும் சட்டம் கொடியின் சட்டம். 2013ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஓய்வு நேரம், உணவு, தங்குமிடம் பற்றியெல்லாம் விதி சொல்கிறது. பன்னாட்டுத் தொழில் அமைப்பு தேர்ந்த மாலுமிக்கு 2025ல் சொன்ன குறைந்தபட்ச அடிப்படை மாதம் 673 டாலர், ஏறக்குறைய 3,000 ரிங்கிட். ஆனால் அது கயிறு பிடிக்கிற மாலுமிக்கான எண். படுக்கை விரிக்கிறவரின், தட்டு எடுக்கிறவரின் சம்பளத்தை அது நேரடியாகக் கட்டாது. அவர் சம்பளத்தில் எவ்வளவு நிறுவனம் கொடுப்பது, எவ்வளவு நம் கிராஜுவிட்டி என்பது அவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் இருக்கிறது. டிக்கெட் வாங்கிய நமக்கு அதைக் காட்ட மாட்டார்கள். பஹாமாஸ் கொடி பறக்கும் கப்பலுக்குள் போய் நம் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பைக் காட்டினால் அழகாகச் சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் கொடுப்பார்கள்.

கிராஜுவிட்டியை நாங்கள் எடுக்கவில்லை. மாமா அவர் சொன்ன ஐம்பது வெள்ளியையும் தனியாகக் கொடுத்தார். படிவத்தில் நான் ஐந்து நட்சத்திரம் போட்டுப் பெயரையும் எழுதினேன், எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்று அவருடைய சட்டை அட்டையை இரண்டு முறை பார்த்து.

டிப்ஸே வேண்டாம், எல்லாவற்றையும் சம்பளத்தில் சேர்த்து விலையை ஏற்றிவிடுங்கள் என்று என் வயதுக்காரர்கள் இணையத்தில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 1941ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் கூடாது என்று. கைநீட்டி வாங்காத சம்பளம் அந்தக் கோரிக்கையின் தம்பிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹோட்டல்கள் 2013ல் 'கலந்து ஒரே சம்பளமாக்குகிறோம்' என்று சொன்னதும் இதே வார்த்தைதான். சேர்க்கும்போது எந்த எண்ணோடு எந்த எண்ணைச் சேர்க்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்க ஒரு சங்கம் வேண்டும். சங்கம் இல்லாத இடத்தில் நான் பாயிண்டையே கேட்பேன்.

குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. கூட்டரசு நீதிமன்றம் சொன்னபடி அது முழுக்க முழுக்க ஹோட்டலின் பணத்திலிருந்து வர வேண்டும். வருகிறது. ஆனால் அத்தை ஓய்வு பெற்ற ஹோட்டலில் அவருடைய மாடிக்கு நிரந்தர ஆள் எடுக்கவில்லை. குத்தகை நிறுவனம் அனுப்பும் இருவர் வருகிறார்கள், ஒருவர் நேபாளி. சீருடை அதே நிறம், அறைகளும் அதே பதினான்கு. பில்லில் பத்து விழுக்காடு இன்னும் இருக்கிறது. கூட்டு ஒப்பந்தம் ஹோட்டலுக்கும் அதன் ஊழியர்களுக்கும் இடையில்; குத்தகை ஆள் ஹோட்டலின் ஊழியர் இல்லை. பாயிண்ட் பட்டியலில் அந்த இருவரின் பெயரும் கிடையாது.